சலவைக்கூடத்தில் அக்காவின் பெயர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் சித்தியிடம் யாரும் வாலாட்ட மாட்டார்கள். ரத்தக்கறை பட்ட போர்வையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடாமல் வெந்நீரில் அமுக்கியவள் அன்றைக்குத் தொலைந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கறார் போகவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவளுக்கு அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது. அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. கீழே அக்கா மகன் குடும்பம்.

கொஞ்ச நாளாக அவனுக்கு வம்சாவளி வரைகிற பைத்தியம் பிடித்திருந்தது. கணினியில் கட்டம் கட்டமாகப் போட்டு, செத்தவர்களையெல்லாம் எழுப்பிக்கொண்டிருந்தான். அன்று அவன் மாடியேறி வந்தபோது, எந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் குடையப் போகிறானோ என்றுதான் நினைத்தாள்.

அவன் கைபேசியை நீட்டினான். பழைய படம். சலவை இயந்திரத்தின் முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"இது நீங்கதானே சித்தி?"

"நான்தான். எப்படி நிக்கிறேன் பாரு, இடுப்புல கூடையோட! இப்ப சொம்பு தூக்கினாலே பிடிச்சுக்குது. எங்கடா கிடைச்சுது?"

"ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டியிருக்காங்க. என் பெண்டாட்டிக்கு ரத்தம் பரிசோதிக்கப் போனப்போ பார்த்தேன். கீழ பேரைப் படிங்க."

படித்தாள். அவள் முகத்துக்கு நேர்கீழே அக்காவின் பெயர் இருந்தது.

"நான் பிறந்த வருஷம் எடுத்த படம்" என்றான். "என் பிறப்புச் சான்றிதழ்ல அம்மான்னு இருக்கிறதும் இதே பேருதான். அந்தப் பேர்ல இருந்தது நீங்கன்னா... சித்தி, மறைக்காம சொல்லுங்க. நான் யாரோட பிள்ளை?"

சித்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"முதல்ல உக்காரு. உன்னைப் பெத்தவ உங்கம்மாதான். நான் பெக்கவும் இல்ல, பெத்துக் கொடுக்கவும் இல்ல."

"அப்ப இது?"

வேலை கிடைத்தது அக்காவுக்குத்தான். சேர வேண்டிய நேரத்தில் மசக்கை. சோப்பு வாடை பட்டாலே குடலைப் புரட்டியது. 'பிள்ளை பொறக்கிற வரைக்கும் நீ போடி, என் பேரைச் சொல்லு, யாரு பாக்கப் போறா' என்றாள். சித்தி போனாள். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடமும் போனது. அக்கா வேலைக்குப் போகவே இல்லை. ஆள்மாறாட்டம் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைத்தெருவில் எந்த நர்ஸாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இருவருமே திரும்புவார்கள்; அக்கா சட்டென்று குனிந்து வெங்காயம் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள்.

"அதனாலதான் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தா தோலை உரிச்சிடுவேன்னு அம்மா மிரட்டினாங்களா?"

"பின்ன? நீ வந்து என் நிஜப் பேரை உளறி வச்சா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"மூக்கைச் சட்டையில துடைக்காத, யாரு துவைக்கிறது?" என்று துண்டை எறிந்தாள் சித்தி. "ஏண்டா, நான் உனக்கு அம்மாவா இருந்தா அவ்வளவு கேவலமா?"

"அதில்ல சித்தி. அம்மா என்கிட்ட கடைசி வரைக்கும் பொய் சொல்லியிருப்பாங்களோன்னுதான்..."

"சொன்னா. அது சோத்துக்காகச் சொன்ன பொய். உன்னைப் பத்தி இல்ல."

அவன் மூச்சு விட்டான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் படத்தை யார் கட்டத்துல போட?" என்று கேட்டான்.

"என் கட்டத்துல. மூஞ்சி என்னோடது."

"கீழ அம்மா பேரு இருக்கே? பின்னால பாக்கிறவங்களும் என்னை மாதிரியே குழம்புவாங்க."

"அப்ப நடந்ததை எழுது."

"அம்மா பேரு கெட்டுடாதா?"

"கெடறதா! அந்தப் பேருக்கு முப்பது வருஷம் ஒரு புகார் வராம பார்த்துக்கிட்டவ நான். அவளே போயிருந்தா, அவ துணி மடிக்கிற லட்சணத்துக்கு, ரெண்டாம் மாசமே விரட்டியிருப்பாங்க."

கணினியைக் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து தட்டினான். சித்தியின் நிஜப் பெயரைப் போட்டு, நடந்ததை எழுதி, வாசித்தும் காட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தாள்.

"'அக்காவுக்காகத் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்து'ன்னு இருக்கே, அது எதுக்கு?"

"உண்மைதானே சித்தி?"

"யாரு சொன்னா? எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்தது. இனி நானே போறேன்னு அவ கேட்டப்போ, முடியாதுன்னு சொன்னதே நான்தான். அதை எடு."

அவன் எடுத்தான்.