காலியாகத் திரும்பாத டப்பாக்கள்

வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்து முடித்துவிட்டு, யாருக்கும் எதுவும் மீதியில்லாமல் ஒருவர் இருந்துவிட முடியுமா? நான் படித்த தத்துவப் புத்தகங்களில் பாதி முடியும் என்கின்றன. மீதி, கேள்வியே தவறு என்கின்றன. ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில், எங்கள் தெருமுனை வீட்டில் இருக்கும் புஷ்பவதி இதை ஒரு கேள்வியாக எழுப்பியதே இல்லை. அவருக்கு இது ஒரு படுக்கையறைப் பிரச்சினை.

அந்த அறை மகள் மஹதியுடையது. மஹதி பிசியோதெரபி படிக்கத் தெற்கே டனீடன் நகருக்குப் போனதும், அறையில் டப்பாக்கள் குடியேறின. எவர்சில்வர் சம்படங்கள், மூடி வெளுத்த பிளாஸ்டிக் டப்பாக்கள், யாரோ இட்லி மாவு கொடுத்தனுப்பிய ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஊறுகாய் பாட்டில்கள். முதலில் படிப்பு மேசையில் அடுக்கினார்கள், பிறகு கட்டிலுக்கு அடியில், கடைசியில் கட்டிலின் மேலேயே. ஒரு முறை அந்த அறைக் கதவைத் திறந்தபோது ஒரு மூடி உருண்டு வந்து என் காலடியில் நின்றது. வரவேற்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டை ஒழுங்கு செய்யச் சொல்லித்தரும் வீடியோக்களை புஷ்பவதி பார்க்காமல் இல்லை. பொருளைக் கையில் எடுங்கள், இது எனக்குத் தேவையா என்று கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்று அவற்றில் சொல்வார்கள். வீட்டில் உள்ள பொருள் வீட்டுக்காரருடையது என்பது அவர்களுடைய எண்ணம். புஷ்பவதியின் டப்பாக்களில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல. பலகாரம் வந்த டப்பா, குழம்பு வந்த டப்பா, காய்ச்சலாகக் கிடந்தபோது ரசம் வந்த டப்பா. ஊரார் பொருளை எப்படி விட்டுவிடுவது? திருப்பித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கரூர்ப் பக்கம் வளர்ந்த அவருக்கு, அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது என்பது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதைச் செய்ய நேரம் வேண்டும். நேரம் கிடைக்கும்வரை டப்பா காத்திருக்கும்.

இதில் வேடிக்கை, அவருடைய வேலை. எல்லர்ஸ்லி பகுதியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பழைய ஆவணங்களைக் கவனிப்பவர் அவர். எந்தக் கோப்பை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்று முடிவுசெய்வது அவர் பொறுப்பு. கெடு தாண்டிய கோப்பை, தயவு தாட்சண்யமின்றி அழித்துவிடுவார். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது அவருடைய அலுவலக மின்னஞ்சல் பெட்டி துடைத்துவைத்த பலகை போல இருக்கும் என்று அவருடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். நான் எளிதில் எதையும் பாராட்டுவதில்லை. இதையும் பாராட்டவில்லை. நமக்கு வேண்டாதவற்றை அழிப்பது பெரிய காரியமல்ல.

மார்ச் மாதத்தில் மஹதி போன் செய்தாள். படிப்பு முடிந்துவிட்டது, ஆக்லாந்திலேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது. புஷ்பவதி ஸ்பீக்கரில் போட்டார். கணவர் ராம்பிரசாத் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப இனிமே நம்ம வீட்லதான்!"

"அம்மா, என் ரூம் எப்படி இருக்கு? ட்ரூத் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பா?"

"கதவு நல்லா இருக்குடா," என்றார் ராம்பிரசாத்.

"அம்மா, ஐ நீட் எ ரூம். பாத்திரக்கடை வேண்டாம். ஃப்ரெண்ட்ஸ் சிட்டியில ஃபிளாட் பார்த்திருக்காங்க. ஏப்ரல் எண்ட்ல நான் யெஸ் ஆர் நோ சொல்லணும். ரூம் காலின்னா வீட்டுக்கு வரேன். இல்லன்னா ஃபிளாட். ஃபோட்டோ அனுப்பு."

போன் அடங்கியது. மகள் வீட்டுக்கு வருவது டப்பாக்களின் கையில் இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் புஷ்பவதிக்குப் புரிந்தது.

முதலில் களத்தில் இறங்கியவர் ராம்பிரசாத். நகர மையத்தில் ஒரு வங்கியில் கணினித் துறையில் இருப்பவர். எந்தச் சிக்கலுக்கும் சுருக்குவழி உண்டு என்று நம்புபவர். வேண்டாத சோபா, மேசைகளை வாசலுக்கு வெளியே புல்லில் வைத்து 'இலவசம்' என்று எழுதி ஒட்டிவிட்டால் யாராவது எடுத்துப் போவார்கள் என்பது இந்த ஊர் வழக்கம். மனைவி வேலைக்குப் போன ஒரு நாளில், வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர், ஒரு அட்டைப்பெட்டி நிறைய டப்பாக்களை அப்படி வைத்தார். மதியத்துக்குள் பெட்டியைக் காணவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு வசந்தமலர் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ். காலடியில் அதே பெட்டி.

"புஷ்பா, உங்கட பெட்டியை ஆரோ களவெடுத்துக்கொண்டு போக ரோட்டில வச்சிட்டினம். நல்ல காலம் நான் கண்டது."

"ஐயோ, யாரு மலரக்கா?"

"ஆரெண்டு தெரியாது. 'ஃப்ரீ'யெண்டு எழுதியும் கிடக்கு. எழுத்து உங்கட மனுசன்ர எழுத்து மாதிரித்தான் கிடக்கு. ஆனா அவர் அப்பிடிச் செய்யமாட்டார்தானே."

ராம்பிரசாத் குளியலறைக்குள் போய்விட்டார்.

"வெறும் பெட்டியா எப்பிடித் தாறது எண்டுட்டு மேல கொஞ்சம் வடை வச்சிருக்கிறன். சூடாச் சாப்பிடுங்கோ," என்றார் வசந்தமலர். வடை இருந்தது அவருடைய டப்பாவில். ஆக, வெளியே போனதைவிட ஒன்று கூடுதலாக வீட்டுக்குள் வந்தது.

அடுத்த சனிக்கிழமை புஷ்பவதி நேர்வழியில் இறங்கினார். புளியோதரை ஒரு அண்டா, பருப்புப்பொடி, தேங்காய் பர்பி. ஒவ்வொரு டப்பாவிலும் ஏதாவது ஒன்றைப் போட்டு, காரில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். போன இடத்திலெல்லாம் ஒரே கதை. "இவ்ளோ தூரம் வந்துட்டு சும்மாவா போவீங்க?" பாலக்காட்டுக்காரர் வீட்டில் அவியல். மலேசியத் தமிழரான அன்னம்மா வீட்டில் சாமை அல்வா, அதுவும் அடுக்கு டப்பாவில். திரும்பி வந்து காரின் பின்கதவைத் திறந்ததும் ராம்பிரசாத் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

"என்னங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வட்டிக்கு விட்ட மாதிரி வந்திருக்கு."

பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். 'யாருடைய டப்பா' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. டப்பாக்களைப் படம்பிடித்துப் போட்டால், உரியவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். சமையல் வேண்டாம், பயணம் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் படத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். அடுத்த படத்தில் இருந்த சம்படம் புஷ்பவதியுடையதே என்று ஒருவர் கண்டுபிடித்தார். அடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது. அதன்பின் எல்லோரும் தங்கள் வீட்டிலுள்ள ஊரார் டப்பாக்களைப் படம்பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் குழுவில் காலை வணக்கப் பூக்கள் வந்துவிட்டன. பூக்களின்மேல் பொன்மொழிகள், விளக்குகள், ஆடும் மயில்.

புஷ்பவதியின் போன் இடமில்லை என்று கைவிரித்தது. மஹதியின் அறையைப் படம் பிடிக்கக்கூட இடமில்லை.

"டெலீட் பண்ணிட்டாப் போச்சு," என்றார் ராம்பிரசாத், போனை வாங்கி. பார்த்தால், போனும் மகள் அறையைப் போலவே இருந்தது. வருஷக்கணக்கான காலை வணக்கங்கள், தூரத்து உறவினர்களின் பொங்கல் வாழ்த்துகள், சாமி படங்கள்.

"இதையெல்லாம் ஏன் வச்சிருக்க?"

"பதில் போடலீங்க இன்னும்."

"எதுக்கு?"

"அதெல்லாத்துக்கும். ஒருத்தர் பூ அனுப்பினா நாமளும் ஒண்ணு அனுப்பாம எப்படி அழிக்கிறது?"

ராம்பிரசாத் அவரையே பார்த்தார். "ஆபீஸ்ல எப்படி அழிக்கிற?"

"அதெல்லாம் யாரும் எனக்குக் குடுத்ததில்லையே."

இதை ராம்பிரசாத் பிறகு என்னிடம் சொன்னார். வைத்துக்கொள்வதும் விடுவதும் பற்றி இவ்வளவு தெளிவான ஒரு வரியை நான் புத்தகத்தில் படித்ததில்லை. அதற்காக அந்த அறை காலியாகிவிடவில்லை.

ஏப்ரல் கடைசி நெருங்கியது. மஹதி தினமும் ஒரே ஒரு கேள்விக்குறியை அனுப்பிக்கொண்டிருந்தாள். புஷ்பவதி அதற்கு ஒரு ரோஜாவை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் எல்லர்ஸ்லியிலிருந்து திரும்பும் பயணத்தில் அவருக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குழுவில் எழுதினார்: 'ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் நம் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு இங்கேயே. போகும்போது அவரவர் டப்பாவை எடுத்துப்போங்கள். யாரும் எதையும் டப்பாவில் கொண்டுவரக் கூடாது.'

"காலி டப்பாவையா குடுக்கப் போற? நீயா?" என்றார் ராம்பிரசாத்.

"டப்பா காலியாப் போகலாங்க. எடுத்துட்டுப் போறவங்க வயிறு காலியாப் போகக் கூடாது. அவ்ளோதானே?"

இதை நான் பாராட்டுகிறேன். பழக்கத்தை மீறவும் இல்லை, அதற்கு அடிமையாகவும் இல்லை. அதன் உள்ளே புகுந்து ஒரு கதவைக் கண்டுபிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்தது. தக்காளி சாதமும் வெங்காயப் பச்சடியும் அப்பளமும். வசந்தமலர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்கு அவரே பரிமாறினார். பின்புற மரத்தளத்தில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றுக்கிடையில் நடந்தார்கள்.

"இது எங்க வீட்டு மூடி. ஆனா அடிப்பாகம் யாரோடது?"

"மூடிய விட்டுட்டு அடிய எடு. அடி புதுசா இருக்கு."

"இது நான் குடுத்ததே இல்ல."

"குடுத்தீங்கக்கா, சீமந்தத்துக்கு."

"யாருக்கு சீமந்தம்?"

"உங்க பொண்ணுக்கு!"

டப்பாவில் கொண்டுவரக் கூடாது என்பதை அனைவரும் கடைப்பிடித்தார்கள். ஆனால் வெறுங்கையோடு எப்படி வருவது? ஏப்ரல் மாதம், அவரவர் தோட்டத்தில் கொய்யா போன்ற ஃபீஜோவாப் பழம் கொட்டிக் கிடக்கும் நேரம். வந்தவர்கள் அனைவரும் காகிதப் பையில் ஃபீஜோவா கொண்டுவந்தார்கள். மாலையில் அறை காலியாகிவிட்டது. சமையலறை பச்சைப் பழங்களால் நிறைந்து மணத்தது. ஆனால் பழத்தைத் தின்றுவிடலாம். கடைசியில் அதுதான் வித்தியாசம்.

யாருமே கேட்காத டப்பாக்களை ராம்பிரசாத் பெட்டியில் போட்டு மூடி, இந்தத் தடவை காரில் வைத்து, தொலைதூரத்து நன்கொடைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். வசந்தமலர் கண்ணில் படாத கடை.

பிறகு இருவரும் உட்கார்ந்து போனைச் சுத்தம் செய்தார்கள். அதற்கும் புஷ்பவதி ஒரு வழி கண்டார். எல்லாக் குழுவுக்கும் ஒரே ஒரு தாமரைப்பூ அனுப்பினார். 'எல்லார்க்கும் வணக்கம், இதுவரை வந்தவற்றுக்கெல்லாம் இது பதில்.' பிறகு அழித்தார். கண்ணைச் சிமிட்டாமல், ஆபீஸில் அழிப்பதைப் போலவே அழித்தார். இடம் கிடைத்ததும் அறையைப் படம் பிடித்து மஹதிக்கு அனுப்பினார். கட்டில், மேசை, ஜன்னலில் வெயில்.

உடனே பதில் வந்தது: 'கமிங் ஹோம்.'

மஹதி வந்தாள். அவளுடைய சாமான்கள் கூரியரில் அவளுக்குப் பின்னால் வந்தன. துணி, புத்தகம், மாடல் முதுகெலும்பு ஒன்று, பிறகு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. புஷ்பவதி திறந்தார். உள்ளே டப்பாக்கள். ஒவ்வொரு விடுமுறை முடிந்தும் பொடி, ஊறுகாய், முறுக்கு என்று நிரப்பிக் கொடுத்தனுப்பியவை. எல்லாம் கழுவித் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக, மூடியோடு.

"எல்லாம் உன்னோடது, அம்மா. ஐ கெப்ட் எவ்ரி ஒன்."

புஷ்பவதி ஒன்றைத் திறந்து பார்த்தார். இன்னொன்றையும் திறந்தார்.

"எல்லாம் காலியா இருக்கு."

"ஆமா. நான் சாப்பிட்டுட்டேன்."

ராம்பிரசாத்துக்கு மறுபடி சிரிப்பு வந்தது. மஹதி புரியாமல் இருவரையும் பார்த்தாள். புஷ்பவதி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காலி டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, 'சாப்பிட்டுட்டேன்' என்று மகளின் சொல்லையே மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு பெட்டியைச் சமையலறைக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை மஹதி தன் அலமாரியில் துணி அடுக்கும்போது மேல்தட்டில் ஒரு டப்பா இருப்பதைக் கண்டாள். நீல மூடி. "அம்மா, ஒன்னு மிஸ் பண்ணிட்ட!" மேல்தட்டில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை அது வரிசைக்கு வரவே இல்லை; முழுக்கப் பரிமாறிக்கொண்டே இருந்ததில் வசந்தமலரும் தன் டப்பாவைக் கேட்க மறந்திருந்தார். வடை வந்த டப்பா. இந்தத் தெருவில் வெகுகாலமாக வீட்டுக்கு வீடு நடந்து பழகியது. ஒரு தடவையும் அது காலியாகச் சாலையைக் கடந்ததில்லை.

சமையலறையில் ஃபீஜோவா குவியலாகக் கிடந்தது. அடுப்பில் மகளுக்காகச் செய்த கேசரி இருந்தது. புஷ்பவதி டப்பாவைக் கழுவித் துடைத்தார். மூடினார். எதையும் போடவில்லை. சாலையைக் கடந்து போய் எதிர்வீட்டு மணியை அடித்தார்.

நான் அப்போது தபால்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். வசந்தமலர் டப்பாவை வாங்கினார், எடை இல்லாததை உணர்ந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு புஷ்பவதியைப் பார்த்தார்.

"ஓம்," என்று தலையாட்டினார். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "உள்ள வாங்கோ. தேத்தண்ணி குடிக்கலாம்."

ராம்பிரசாத் கேட்டார், மஹதி கேட்டாள், பல மாதம் கழித்து நானும் கேட்டேன். ஏன் என்று புஷ்பவதி யாருக்கும் சொல்லவில்லை.