செங்கமலத்தின் ஆறு கட்டங்கள்

"அட்ரஸு நீங்க எழுதுங்க சார். கட்டத்துல மட்டும் கை வெச்சிராதீங்க."

இன்லண்ட் லெட்டரை என் பக்கம் தள்ளிவிட்டு, மண் கையைக் கழுவக் குழாயடிக்குப் போகிறாள் செங்கமலம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே எச்சரிக்கைதான். சேதியை நான் எழுதலாம். மகள் பேரையும் தெருவையும் எழுதலாம். பின்கோடுக்கென்று அச்சடித்திருக்கும் ஆறு கட்டங்களும் அவளுக்குச் சொந்தம்.

எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சாலையோர மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் கான்ட்ராக்ட் ஆள் அவள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரி. எழுத்து வாசிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். குவார்ட்டர்ஸ் வாசல்களில் பெயின்ட்டால் எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். யாரையும் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டாள். "பதினேழு வூட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்க. நாப்பத்திரெண்டு ஷிப்ட் முடிஞ்சி வந்து தூங்கிக்கினு இருக்காரு" என்பாள். நான் முப்பத்தாறு. என் மனைவி தமயந்தியும் அதே முப்பத்தாறுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மகள் பாப்பா கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகனுக்கு மில் வேலை. அந்த ஊரின் 641005-ஐச் செங்கமலம் வலமிருந்து இடமாக எழுதுவாள். களைக்கொத்தைப் பிடிப்பதுபோலப் பேனாவைப் பிடித்து, மூச்சை அடக்கி, முதலில் கடைசிக் கட்டத்தில் ஐந்து. ஏன் தலைகீழாக என்று கேட்டேன்.

"மொத நம்பரு யாருக்குமே ஆறுதானுங்க. உங்க ஊருக்கும் ஆறு, எங்க ஊருக்கும் ஆறு. கடேசி நம்பருலதான் எங்க பாப்பா இருக்குது. மொதல்ல அங்க போய் நின்னுட்டா, அப்பறம் வழி தானா வந்துரும்."



போன தை மாதம் பாப்பாவுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு அழைத்துவரச் செங்கமலம் தனியாகக் கிளம்ப வேண்டியிருந்தது. கோயம்புத்தூரை அவள் பார்த்ததே இல்லை. வெள்ளிக்கிழமை காலை மருமகன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அந்த வாரக் கடிதம். அவர் வராவிட்டால், ஒரு பெயர்ப்பலகையும் வாசிக்கத் தெரியாமல் வளையல் பெட்டியோடு அந்தப் பெரிய ஊரில் நின்றுகொண்டிருப்பாள்.

எனக்கு ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் குழாயடியில் இருந்த நேரத்தில் கட்டங்களையும் நானே நிரப்பி, கடிதத்தை ஒட்டிவிட்டேன். திரும்பி வந்தவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இது உங்க அம்மா ஊரு நம்பருங்க."

பார்த்தேன். 627401. அம்பாசமுத்திரம். வாரம் தவறாமல் அம்மாவுக்கு எழுதிப் பழகிய கை, யார் வீட்டுக் கடிதம் என்று பாராமல் தன் ஊருக்கே போயிருக்கிறது. என் மேஜையில் கிடக்கும் கடிதங்களைப் பார்த்தே அவள் அந்த நம்பரை மனப்பாடம் செய்திருந்தாள். நானோ சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். எண்களை எழுதித்தான் சோறு தின்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வீம்பும் வந்தது.

"கோயம்புத்தூர்னு பேர் இருக்குல்லா? போய்ச் சேர்ந்துரும்" என்றேன்.

"சேரும்ங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள சேருமா?"

பஸ்ஸை விட்டேன். தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பெட்டியிலிருந்து புது இன்லண்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். முழுக் கடிதத்தையும் மறுபடி எழுதினேன். கட்டங்கள் பக்கம் போகவில்லை.

"மாப்ள எனக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினு இருந்தாருங்க" என்று அடுத்த வாரம் வந்து சொன்னாள். அப்போதுதான் எனக்கு நிம்மதி. பாப்பா தாய்வீடு வந்து, பெண் குழந்தை பெற்று, போன மாதம் திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள் மறுபடி தொடங்கிவிட்டன.

சென்ற வாரம் அவளுடையதை முடித்த கையோடு, என் அம்மாவுக்கும் எழுதி, மடித்து ஒட்டினேன். பின்கோடு போடப் பேனாவைத் தூக்கினேன். செங்கமலம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, என் விரல்களிலிருந்து பேனாவை வாங்கி, மூச்சை அடக்கி, வலது ஓரக் கட்டத்தில் அழுத்தி ஒரு ஒன்று போட்டாள்.