திங்கட்கிழமைக் காய்ச்சல்

தனபாலன் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குண்டசாலையில் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் அவனைக் குடிகாரன் என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைத்தவனும் அவனேதான்.

அவன் எனக்கு அடுத்த வீடு. வத்தேகமப் பாதையில் முனாப் முதலாளியின் மர ஆலையில் வேலை. மீசை முளைக்கிற வயதில் கட்டை உருட்டப் போனவன், வாள் மெசினில் நின்று மரத்தை வீணாக்காமல் பலகை இறக்கும் ஆளாக வந்தான். கல்யாணம், ஒரே மகள் கஜனியின் படிப்பு, தகரக் கூரை இருந்த இடத்தில் ஓடு, எல்லாம் அந்த வாளில் வந்தவை. அதிகம் பேசமாட்டான். வேலைவிட்டு வரும்போது புருவத்தில்கூடத் தூள் அப்பியிருக்கும். பைப்படியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான்.

கஜனி முதல் பிள்ளை உண்டாகியிருந்த காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஞாயிறு லீவில் நன்றாக இருப்பான். திங்கட்கிழமை வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்பும்போது குளிர் எடுக்கும், உடம்பெல்லாம் முறிக்கும், இருமல் விடாது. இரண்டொரு நாளில் தணியும். அடுத்த திங்கள் மறுபடியும் வரும்.

அவனுடைய அப்பா தோட்டத்தில் காசநோய் வந்து இறந்தவர். அவருக்கென்று தனியாக ஒரு தட்டு, ஒரு கோப்பை, குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிராவின் பின்பக்கம் படுக்க ஒரு சாக்கு. பிள்ளைகள் கிட்டப் போகக்கூடாது. இருமல் வந்ததும் தனபாலனுக்கு நினைவில் வந்தது அந்தத் தட்டுதான். காசம் பிடித்தவன் வீட்டுக்கு மகளைப் பிரசவத்துக்கு யார் அனுப்புவார்கள்? டொக்டரிடம் போயிருக்கவேண்டும். அவன் போனது சாராயக் கடைக்கு. ஒரு கால் போத்தல் வாங்கி, காய்ச்சல் வருகிற நாட்களில் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சட்டையிலும் இரண்டு துளி தெளித்துக்கொண்டான். அதற்குப்பிறகு அவன் நடுங்கினாலும் சுருண்டு படுத்தாலும் யாரும் காரணம் கேட்கவில்லை. மனைவி சீதா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

ஆலையிலும் வாசனை பரவியது. அவனோடு கட்டை பிடிக்கிற நுஸ்கிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன தனபால் அண்ணே, நேத்துக் குளிச்சது தண்ணியிலயா, மத்ததிலயா?"

"ரெண்டுலயும்தான்," என்று இவனும் சிரித்துவைப்பான்.

முனாப் முதலாளி சிரிக்கவில்லை. கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்.

"தனபாலன், குடிக்கிற ஆள வாளுக்கிட்ட வெக்க ஏலாது. கை போனா நான் ஒண்ட பொஞ்சாதிக்கு என்னத்த செல்ல? வேலயால நிப்பாட்டல்ல. பொறத்தால போய்த் தூள் அள்ளு."

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில். தோட்டங்களில் வெட்டிய அல்பீசியா மரம் ஈரத்தோடு வந்து கிடக்கும். மழை நாட்களில் பட்டையெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். அந்த மரத்தை அரிந்த தூள்தான் கொட்டிலில் கூரை ஒழுக்கில் நனைந்து குவிந்திருக்கும். மண்வெட்டியைப் போட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், புகைபோல் ஒன்று எழும்பும். கோழிப்பண்ணைக்காரர்களுக்காக அதைச் சாக்கில் அள்ளிக் கட்டுவது அவன் வேலையாயிற்று. நோயை மறைக்கச் சொன்ன பொய் அவனை நோய் இருந்த குழிக்குள்ளேயே இறக்கிவிட்டது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் எல்லா நாளும் வர ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் நின்று நின்று வந்தான். "குடி ஆளைத் தின்னுது," என்றார்கள்.

கஜனியை எப்போது கூட்டிவரலாம் என்று பேச மருமகன் சஞ்சீவ் வந்திருந்தான். கண்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். நல்ல பையன், எதையும் நேராகப் பேசுவான். நோயாளிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்த்துக்கொள்ளப் படித்து, அதையே தொழிலாகச் செய்தவள் நான். பிள்ளையைக் குளிப்பாட்டப் போவதும் நான்தான் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"மாமா, சொல்றேன்னு கோவிக்காதீங்க," என்றான் சஞ்சீவ். "குடிக்கிற வீட்டுல என் பொண்டாட்டி பிள்ளைய விடமாட்டேன்."

"அவரு குடிச்சிட்டுச் சண்டையா போடுறாரு?" என்றாள் சீதா. "அவரு பாட்டுக்கு ஒரு மூலையில படுத்துக்கிடுவாரு."

"படுக்கப் போறப்போ பிள்ளமேல விழுந்தா?"

தனபாலன் கதிரையின் பிடியைப் பற்றியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை நடுங்கியது. குடிகாரர்களின் கை நடுக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். இது அதுவல்ல, குளிர்.

சஞ்சீவ் போனதும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைத்தேன். நூற்றிரண்டு.

"குடிச்சா காய்ச்சல் வருமா தம்பி?"

"வரும்."

"அலுமாரிக்கு மேல இருக்கிற கால் போத்தல் தைப்பொங்கலுக்கும் அங்கதான் இருந்துச்சு. வெசாக் பண்டிகை முடிஞ்சும் பாதி அப்படியே இருக்கு. நீ என்ன, மோந்து பாத்து வெறிக்கிற ஆளா?"

சீதா குசினி வாசலில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

"அக்கா, குடிகாரன்னா திட்டுவாங்க. காசம்னா கிட்டவே வரமாட்டாங்க."

"அப்ப காசம்னு நெனச்சிக்கிட்டேதான் பச்சப்பிள்ளைய இந்த வீட்டுக்குக் கூப்பிடப் பாத்தியா?"

அவன் அதை அந்தப் பக்கமிருந்து யோசித்ததே இல்லை. துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் ஆறுதல் சொல்லவில்லை. காலையில் கண்டிக்குப் போக ஆயத்தமாக இருக்கச் சொன்னேன்.

நெஞ்சு கிளினிக்கில் அந்தத் துவாயாலேயே தலையை மூடிக்கொண்டு சுவரோரம் பார்த்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். அவன் இருமினான், இவன் திரும்பினான். நுஸ்கி.

"நீ எதுக்குடா இங்க?"

"காதுக்குள்ள குத்து அண்ணே."

"இது நெஞ்சுக்குப் பாக்கிற எடம்."

"அப்ப நீங்க?"

தனபாலன் கொஞ்சம் யோசித்தான். "நானும் காதுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

சளி, இரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் காசம் இல்லை. ஒரே ஆலையிலிருந்து இரண்டு பேர் என்றதும் டொக்டர் லீவு நாட்களைப் பற்றிக் கேட்டார். லீவில் சுகம், வேலைக்குப் போனால் காய்ச்சல். ஈர மரத்தில் வளரும் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் தூளோடு பறந்து நெஞ்சுக்குள் இறங்குகின்றன, சிலருடைய உடம்பு அதற்கு எதிராகக் கிளம்புகிறது, காய்ச்சல் அதனால்தான் என்றார். மற்றவர்களுக்குத் தொற்றாது. ஆனால் சுவாசித்துக்கொண்டே இருந்தால் நுரையீரல் தடித்துப்போகும். நுஸ்கி நேரத்தோடு வந்துவிட்டான். தனபாலனுக்குக் கொஞ்சம் தடித்துவிட்டது. அந்த மூச்சு முழுதாகத் திரும்பாது.

முனாப் முதலாளி கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார். "ஒரு வார்த்த செல்லீந்தா ஒன்ன அந்தத் தூளுக்குள்ள அனுப்பீப்பேனா?" பிறகு வேறு பக்கம் பார்த்தார். இப்போது தனபாலன் முன்பக்கம் பலகை அளந்து விற்கிறான். கூரையைத் திருத்திவிட்டார்கள், தூளைக் குவியவிடாமல் அள்ளிவிடுகிறார்கள். எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்திருக்கிறார்கள். நுஸ்கி அதைத் தாடிக்குப் போடுகிறான்.

மிச்சமிருந்தது சஞ்சீவிடம் சொல்வது. சஞ்சீவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று தனபாலன் சொன்னான்.

"மாப்பிள்ளை, நான் குடிக்கிற ஆளில்ல. காசம்னு பயந்து அப்பிடி நடிச்சேன். காசமும் இல்லன்னுட்டாங்க."

"காசம்னு நெனச்சிக்கிட்டா எங்கள வரச்சொன்னீங்க?" என்றான் சஞ்சீவ்.

"ஆமா."

"நீங்க குடிச்சிருந்தாகூட எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது மாமா."

அந்தப் பையன் சொன்னது சரி.

ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்து, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டியதும், சஞ்சீவ் ஓட்டோவில் தாயையும் பிள்ளையையும் நேரே தனபாலன் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். அதற்குமுன் தனியாகப் போய் டொக்டரிடம் கேட்டிருக்கிறான்.

"தொத்தாதுன்னு டொக்டர் சொன்னாரு. அவர நம்பித்தான் கொண்டாந்தேன். உங்கள நம்பி இல்ல."

"அது போதும் மாப்பிள்ளை."

தனபாலன் அன்று முழுவதும் பிள்ளை இருந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். கடைசியில் கஜனிதான் கூப்பிட்டாள்.

"அப்பா, இவளக் கொஞ்சம் பிடிங்க. எனக்குப் பசிக்குது."

அவன் சஞ்சீவைப் பார்த்தான். சஞ்சீவ் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. இவன் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான், திரும்பவும் போய்க் கழுவினான். பிறகு வந்து உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நெஞ்சு அசையவில்லை. மூச்சை அடக்கிவைத்திருந்தான். உள்ள மூச்சே கொஞ்சம்தான், அதையும்.

"மூச்ச விடு தம்பி," என்றேன். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

விட்டான். முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பவில்லை.