மைலேஜைக் குறைத்தவள்

எங்கள் பக்கத்து ஆண்களிடம் வயதைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். சம்பளத்தைக் கேட்டால் கொஞ்சம் இழுத்தடித்தாவது சொல்வார்கள். வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்டால் மட்டும் உண்மை சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் அண்ணன் பிக்கப் வண்டி வாங்கி வந்த அன்றிலிருந்து அவன் வாயில் இருந்த எண் பதினெட்டு. லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். விற்கிறவன் ஒன்றைக் கூட்டித்தான் சொல்வான் என்பது ஊர் அறிந்தது. அவன் சொன்னதற்கு மேல் இன்னொன்றைக் கூட்டிச் சொன்ன ஒரே வாடிக்கையாளன் என் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அவனுக்குப் பந்தல்குடியில் ஒரு கூட்டாளி, அதே மாதிரி வண்டிக்காரன். இருவரும் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"நம்மது பதினெட்டுக்குக் கொறையல மாப்ள."

"என் வண்டி பத்தொன்பது குடுக்குதுலே."

"லோடோடயா?"

"லோடோடதான். ஏத்துனாத்தான் இன்னும் நல்லா இழுக்குது."

பாரம் ஏற ஏற டீசல் மிச்சமாகும் வண்டி உலகத்தில் இரண்டே இரண்டு. இரண்டும் எங்கள் பக்கத்தில் ஓடுகின்றன.

இதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் ஊரில் யாரும் டேங்க்கை நிரப்புவதில்லை. பங்க்கில் வண்டியை நிறுத்தி, தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஐநூறுக்குப் போடு" என்பார்கள். ஐநூறு ரூபாய்க்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதில்லை. முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே ஏறி, சாயங்காலத்துக்குள் மறுபடி கோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். கிலோமீட்டர் மீட்டர்மேல் சாமி படத்து ஸ்டிக்கரின் ஓரம் ஒட்டியிருக்கும். அளக்க வேண்டிய இரண்டையும் அளக்காமலே விடையைச் சொல்லும் வித்தை அது.

அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் நான் வேலை பார்க்கிறேன். அங்கேயும் இதே ஆண்கள்தான் வருவார்கள். வருடம் முழுக்க எதையும் விடாமல் சாப்பிட்டுவிட்டு, பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து, கையை நீட்டி, "சுகர் நார்மல்னு வந்துருமாம்மா?" என்பார்கள். காலியாகவும் மெதுவாகவும் நல்ல ரோட்டில் ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்து எடுத்த மைலேஜும், ஒரு நாள் பட்டினியில் எடுத்த சுகரும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் நான் ஒருத்தி. அதற்கு மேல் லேப் படிப்பையும் முடித்தேன். அப்பாவும் அண்ணனும் கட்டட வேலைக்காரர்கள். சுற்றியுள்ள ஊர்களில் வீடுகளுக்குத் தளம் போட்டுக் கொடுப்பார்கள். கலவை மெஷின் எங்களுடையது. முன்பு அதை வாடகை டிராக்டரில் கட்டி இழுத்துப் போவார்கள். பிக்கப் வந்தபின் அதன் பின்னால் கட்டி இழுக்க ஆரம்பித்தார்கள். வண்டிக்குள் சென்ட்ரிங் பலகை, கம்பு, சித்தாள்கள். பின்னால் வயிறு பெருத்த மெஷின், காற்றில்லாத இரண்டு சின்னச் சக்கரங்களில் கடகடவென்று உருண்டு வரும்.

லேப்புக்கு நான் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தது. திருச்சுழியிலிருந்து வரும் பஸ், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் நிற்கும். பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அண்ணன்தான் குதித்தான். "சொந்த வண்டி வாசல்ல நிக்கையில ஏந் தங்கச்சி எதுக்கு விலக்குல போய் நிக்கணும்?" என்றான். எனக்காகச் சொன்னதல்ல அது. விலக்கில் நிற்கிறவர்கள் காதில் விழ வேண்டும் என்று சொன்னது. மறுநாளிலிருந்து அவனே காலையில் கொண்டுபோய் விட்டான், சாயங்காலம் வந்து கூட்டிப் போனான். காலையில் விட்டுவிட்டு டவுனில் டீ, இரும்புக் கடை, கூட்டாளி என்று மத்தியானம் வரை அவனுக்கு வேலை இருந்தது. போகும் வழியில் யாராவது போன் செய்தால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பேசி முடிப்பான். ஆனால் டீசல் மிச்சம் பிடிப்பதில் அவன் பெரிய கெட்டிக்காரன். கண்மாய்க் கரை ஏறி இறங்கும் இடத்தில் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு என்னைப் பெருமையாகப் பார்ப்பான். போகிற வழி முழுக்க இருக்கும் ஒரே இறக்கம் அதுதான்.

சில மாதம் போனது. பங்க்கில் கொடுக்கும் ஐநூறுகள் அதிகமாயின. பதினெட்டு கொடுக்கும் வண்டிக்கு இவ்வளவு டீசல் எதற்கு என்று அப்பா கேட்டார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"தெனமும் இவளக் கொண்டு விடணும்ல? அதுலதாம்ப்பா எல்லாம் போகுது."

அப்பா என்னைப் பார்த்தார். "அப்ப தை வரைக்கும் போயிட்டு நின்னுக்கிரு தாயி. டீசலுக்குக் குடுக்கவா வேலைக்குப் போறது?"

அவ்வளவுதான். படித்து, அலைந்து, ஊசி பிடிக்கும் கை நடுங்காமல் பழகி வாங்கிய வேலை ஒரு டீசல் டேங்க்கில் கரைந்துபோக வேண்டுமாம். பஸ்ஸில் போகிறேன் என்றேன். "சாயங்காலம் பஸ்ஸு ஒழுங்கா வராது, இருட்டிப் போகும்" என்று அதையும் அடைத்தான் அண்ணன். கொண்டுபோய் விடுவதும் அவன்தான், விடுவதால் நஷ்டம் என்பதும் அவன்தான், வேறு வழியில் போகக் கூடாது என்பதும் அவன்தான். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அளந்து பாப்போம்ணே. நான் போறதுலதான் கொறையுதுன்னா நானே நின்னுக்கிறேன்."

"எதை அளப்ப? ரத்தமா எடுக்கப் போற?"

"டேங்க்கை ரொப்பு. என் காசு."

ஒருத்தி தன் காசில் டேங்க்கை ரொப்பித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவன் ரோஷக்காரன் அல்ல.

பங்க்கில் டீசல் பிடிக்கும் அக்கா எங்கள் வண்டியை நன்றாகத் தெரிந்தவர். "ஃபுல்லா போடுங்கக்கா" என்று நான் சொன்னதும் குழாயை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "என்ன தம்பி, திருப்பதியா, திருச்செந்தூரா?" என்று அண்ணனைக் கேட்டார். முள் மேலே ஏறியதைப் பார்த்தபோது அவன் முகத்தில் ஒரு பயமே தெரிந்தது. அந்த முள் அவ்வளவு தூரம் போகும் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வாரம் பரளச்சிப் பக்கம் ஒரு வீட்டில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். தளம் போட நாள் இருந்தது. மெஷின் எங்கள் வாசலில் நின்றது. வண்டி என்னைக் கொண்டு விட்டு, அண்ணனைக் கூட்டி வந்தது. வாரம் முடிந்து, அதே பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை மறுபடி நிரப்பினோம். எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் வண்டி குடித்தது. ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கி மீட்டரைப் படித்து, ஓடிய தூரத்தை அதால் வகுத்தேன். பதினாலுக்குக் கிட்ட வந்தது.

"அது நீ உக்காந்து வந்ததால. ஆளில்லாம ஓட்டுனா பதினெட்டுத்தான்" என்றான்.

என் எடை ஒரு சிமெண்ட் மூட்டை. வெயில் ஏறுவதற்குள் முப்பது மூட்டையை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும்போது ஒரு நாளும் அவனுக்கு மைலேஜ் ஞாபகம் வந்ததில்லை. சுடிதார் போட்ட ஒரு மூட்டை முன் சீட்டில் ஏறியதும் வண்டிக்கு மூச்சு வாங்கிவிட்டதாம்.

அடுத்த வாரம் தளம் போடும் வேலை. மெஷினைக் கட்டி இழுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனார்கள், வேலை முடிந்ததும் இன்னொரு ஊருக்கு இழுத்தார்கள். மூன்றாவது கியருக்கு மேல் போக முடியாது. பள்ளம் வந்தால் நின்று நின்றுதான் ஏற வேண்டும். காலையில் என்னை விடுவது மட்டும் வழக்கம்போல நடந்தது. வாரக் கடைசியில் நிரப்பிப் பார்த்தேன். ஏழு கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை.

எனக்கே அது இடித்தது. இழுவைக்கு மைலேஜ் அடிபடும், சரி. ஆனால் அப்படிப் பாதிக்குப் பாதி போகுமா? மறுநாள் வண்டியில் ஏறினேன். காலடியில் எப்போதும் கிடக்கும் அந்தப் பச்சை ரப்பர் டியூப், பாம்பு மாதிரி சுருண்டு, டீசல் நாற்றத்தோடு அன்றும் கிடந்தது. அதன்மேல் படாமல் காலை ஒடுக்கி உட்காருவது எனக்குப் பழகிப்போன ஒன்று. துப்பட்டாவில் நாற்றம் ஏறுகிறது என்று சலித்துக்கொள்வேன். அன்றுதான் கேட்டேன்.

"இது எதுக்குண்ணே வச்சிருக்க?"

"மெஷினுக்கு டீசல் எடுக்க."

"எங்கருந்து?"

"நம்ம வண்டியிலருந்துதான். அந்தப் பொட்டக்காட்டுல பங்க்கா தொறந்து வச்சிருக்கான்? மெஷின்ல தீந்துச்சுன்னா ஒரு உறிஞ்சு உறிஞ்சி எடுத்து ஊத்திக்கிற வேண்டியதுதான்."

"தெனமுமா?"

"தளம் போடுற அன்னைக்கெல்லாம்."

"மைலேஜ் சொல்லையில அதைக் கழிச்சுக்கிட்டியா?"

அண்ணன் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அது மெஷினுக்குப் போனது பிள்ள. வண்டிக் கணக்குல எப்படி வரும்?"

கண்மாய்க் கரை இறக்கம் வந்தது. அன்று அவன் நியூட்ரலில் தள்ளியதை நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் வண்டியை நிறுத்திவிடுவான், அதற்கும் எஞ்சினை அணைக்க மாட்டான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்தபோது டியூப்பைக் கொண்டுவந்து அப்பா முன்னால் போட்டேன்.

"சோத்துக்கு முன்னால இதை எதுக்குத்தா போடுற?" என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

சொன்னேன். என்னை விட்டுவர மட்டும் ஓடினால் எவ்வளவு, மெஷினை இழுத்தால் எவ்வளவு, டேங்க்கிலிருந்து மெஷின் வாய்க்குப் போவது எவ்வளவு. அப்பா தளத்துக்கு ஜல்லியும் மணலும் எத்தனை சட்டி என்று வாய்க்கணக்கில் சொல்பவர். அவருக்குப் புரிய நேரமாகவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"ஏண்டா, தெனம் நீதான வாயில வச்சு உறிஞ்சுற? அந்த ருசிகூடவா ஞாபகமில்ல?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பம் புள்ள டீசல் குடிக்கலன்னு ஆயிருச்சு. தின்னுட்டு எந்திரிங்க."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நான்தான் முட்டாள். ஒரு காரணம் செத்தால் இன்னொன்றைப் பெற்றெடுக்க எங்கள் வீட்டு ஆண்களுக்கு அரை நாள் போதும். அப்பா தொண்டையைச் செருமினார். "அதில்ல தாயி. மெஷினு குடிச்சாலும் அது சோறு போடுது..."

"நானும்தாம்ப்பா போடுறேன். எனக்கு டியூப் போட்டு ஊத்த வேண்டாம். பஸ்ஸு போதும்."

அண்ணன் தலையைத் தூக்கினான். "ஊர்ல என்ன பேசுவாக? வண்டி வச்சிருக்கான், தங்கச்சி பஸ்ஸுக்கு நிக்குதுன்னு பேச மாட்டாக?"

"டீசலுக்கு வக்கில்லாம தங்கச்சி வேலையை நிறுத்திட்டான்னு பேசுனா உனக்குப் பரவாயில்லையா?"

அப்பா கையைக் கழுவ எழுந்தார். போகும்போது, "சாயங்காலம் பஸ்ஸு வரலன்னா போனப் போடு" என்றார். சம்மதம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இதுதான் அவருடைய சம்மதம்.

மறுநாள் விலக்கில் போய் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன், உட்கார இடமும் கிடைத்தது. பஸ் அருப்புக்கோட்டை போகிற வரையில் என் காலடியில் டீசல் நாறவில்லை. லேப்பின் ஜன்னலைத் திறந்தபோது எதிர்த்த டீக்கடை வாசலில் எங்கள் பிக்கப் நின்றது. யாரையும் கொண்டுவிட வேண்டியில்லாத அன்றும் அண்ணனுக்கு டவுனில் வேலை இருந்தது. கூட்டாளியோடு நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். என்ன எண் சொன்னான் என்று அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

தை போய் மாசியும் வந்துவிட்டது. வேலை என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் விலக்கில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் தாமதம். கூட நாலைந்து பெண்கள். அண்ணன் மெஷினை இழுத்துக்கொண்டு கடகடவென்று வந்து எங்கள் முன்னால் நிறுத்தினான். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"ஏறு பிள்ள, நான் கொண்டு விட்டுர்றேன்."

"வேண்டாம்ணே. மைலேஜ் அடிபட்டுரும்."

பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கதை முழுக்கத் தெரியும். ஊரில் எது தெரியாது? ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் கியரைப் போட்டு, மெஷினை ஒரு குலுக்குக் குலுக்கி இழுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. கண்மாய்க் கரை ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்த அவனை ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டு நாங்கள் முந்திப் போனோம்.