இரண்டாவது பக்கத்தில் இருந்த தீர்ப்பு

ஓசூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது, நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இணையதளம் ஒன்றைச் செய்தோம். பெயரைத் தட்டினால் வழக்கு விவரம் வரும். வக்கீல்களுக்காகத் தொடங்கியது. ஆனால் ஆள் எடுக்கும் முன் பெயரைப் போட்டுப் பார்க்க, தொழிற்சாலைகளும் வாங்கிக்கொண்டன.

தளம் மூன்று அடுக்கு. மேலே, ஆட்கள் பார்க்கும் பக்கம். அடியில், வழக்குகள் சேமித்திருக்கும் தரவுத்தளம். நடுவே, கேட்டதை எடுத்துவந்து கொடுக்கும் நிரல். அந்த நடு அடுக்கு என் பொறுப்பு. வழக்கு ஓர் அட்டவணையிலும் தீர்ப்பு இன்னோர் அட்டவணையிலும் இருந்தன. இரண்டையும் சேர்த்து எடுத்தால் பக்கம் திறக்கத் தாமதமானது. முதலாளியிடம் காட்டும் நாள் நெருங்கிவிட்டது. அதனால் முதல் பக்கத்தில் பெயர், ஊர், குற்றப் பிரிவு மட்டும் வரும்படி செய்தேன். தீர்ப்பைப் பார்க்க இன்னொரு முறை சொடுக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த திருநெல்வேலிப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, விடுதலையானவங்களும் குற்றவாளி மாதிரில்லா தெரியுது?"

"அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்மா. இப்ப ஸ்பீடுதான் முக்கியம்."

அவள் அதைக் குறைகளின் பட்டியலில் எழுதினாள். நான் அதைப் பட்டியலின் கடைசிக்கு இறக்கினேன். பிறகு மறந்தும் போனேன்.

சில மாதங்கள் கழித்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பாரூர்ப் பக்கம் சொந்த ஊர். ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை செய்தவர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராகத் தேர்வாகியிருந்தார்.

"சேர வரச் சொல்லிட்டு, அப்புறம் வேண்டாம்னுட்டாங்க சார். எம்மேல அடிதடி கேஸ் இருக்குதாம். உங்க கம்ப்யூட்டர்லதான் பாத்தாங்களாம்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து வைத்தார்.

"வாய்க்கா தண்ணிக்கு எங்க மாமனாருக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் தகராறுங்க. அவங்க எங்க வீட்ல இருந்த அத்தன பேர் பேரையும் போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்க. நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல. கோர்ட்ல எல்லாரையும் விடுதல பண்ணிட்டாங்க."

அவர் பெயரைத் தட்டினேன். பெயர், ஊர், பிரிவு. மறுபடி சொடுக்கியதும் இரண்டாவது பக்கம் திறந்தது. விடுதலை என்று தெளிவாக இருந்தது.

"இதுலயே இருக்குதுங்களே சார்! அப்புறம் ஏன் அவங்களுக்குத் தெரியல?"

பக்கத்து மேசையில் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணின் கைகள் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

"கம்ப்யூட்டர் தப்பும்மா. சரி பண்ணிடறோம்" என்றேன்.

அவர் நம்பினார். "அங்க கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்களாவது ஒக்கார வெச்சுப் பேசுனீங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.  திருநெல்வேலிப் பெண் அன்று முழுவதும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மதியமே திருத்த உட்கார்ந்தேன். மாலைக்குள் முடிந்துவிட்டது. தேடலை வேகமாக்கும் சிறிய இண்டெக்ஸ் ஒன்றை அட்டவணையில் சேர்த்ததும், தீர்ப்போடு சேர்ந்தே பக்கம் பழைய வேகத்தில் திறந்தது. முன்பே ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

மறுநாள் அந்தத் தொழிற்சாலைக்குப் போன் செய்து பேசினேன். "வேற ஆள் சேந்தாச்சு சார்" என்றார்கள். அதை அந்தப் பாரூர்ப் பெண்ணிடம் போனில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சரிங்க சார். இனிமே வேற எங்கியாவது பாத்தா, விடுதலன்னு தெரியுமில்லீங்களா?"

"தெரியும்மா. பழைய கம்பெனியிலயே இருக்கலாம்ல?"

"அங்க வேலைய விடறதா எழுதிக் குடுத்துட்டேனே சார். எம்பட எடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க."

தப்பு என்னுடையது, முன்பே தெரிந்தும் தள்ளிப்போட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.  அவர், "வெச்சிடறேனுங்க" என்று மெதுவாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார்.