பற்றிக்கொள்ளும் கால்விரல்கள்

போர்ட் டிக்சன் கடலில் நீந்திக்கொண்டிருந்த என்னை இருமுறை பாதியிலேயே மீட்புப் படகில் ஏற்றிவிட்டார்கள். இருமுறையும் காரணம் ஒன்றே: உள்ளங்காலில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை கல்லாய் இறுகும் தசைப்பிடிப்பு. இன்னொரு முறை அவ்வாறு நேர்ந்தால் நெடுந்தொலைவு நீச்சலில் சேர்த்துக்கொள்ள இயலாது என்று பயிற்சியாசிரியை கூறிவிட்டார். வயதில் என்னைவிட மிக இளையவர்; கண்டிப்பில் மூத்தவர். முழங்கால்கள் தேய்ந்து, ஒரு பாடவேளை நிற்பதற்கே வகுப்பறைச் சுவரைத் தேடும் எனக்கு, உடல் சுமையாகத் தோன்றாத ஒரே இடம் அந்தக் கடல். அதை இழந்தபின் எதை எதிர்பார்த்து விடுமுறை நாளில் கண்விழிப்பது என்று தெரியவில்லை.

லுக்குட்டிலுள்ள எங்கள் வீட்டில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. உப்பிட்ட நீர், இளநீர், வாழைப்பழம் என்று சொன்னவர் சொன்னதையெல்லாம் உட்கொண்டேன்.

“பாசார்ல இருந்த வாழப்பழத்துல பாதி உன் வயித்துலதான் இருக்கு. இன்னுமா காலு அடங்கல?” என்றார் கணவர்.

“நீங்க வேணும்னா வந்து நீந்திப் பாருங்களேன்.”

“நான் முங்கிட்டா அப்புறம் உன்ன யாரு மோட்டர் சைக்கிள்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

காரணத்தைக் கண்டறிந்தவர் பயிற்சியாசிரியைதான். கடற்கரைப் படிகளில் நான் இறங்கிவருகையில் அவர் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் டீச்சர், சிலிப்பர யாராச்சும் புடுங்கிட்டு ஓடிடப்போறாங்களா? இந்தப் புடி புடிக்கிறீங்க! தண்ணியிலயும் இதேதான் செய்றீங்க. விரல மடக்காதீங்க லா!”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். லிங்கி ஊரை அடுத்த தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். மழை பெய்த செம்மண் சரிவில் இறங்கும்போது, வழுக்கும் சிலிப்பரை விரல்களால் இறுகப் பற்றாவிட்டால் விழவேண்டியதுதான். பள்ளிக்கும் கடைக்கும் அவ்வாறே நடந்து பழகினோம். அஞ்சினால் பற்று என்பதொன்றே என் கால்கள் அறிந்த பாதுகாப்பு.

அதை மறக்கச் செய்ய முயன்றேன். குதிகாலில் வார் வைத்த காலணிக்கு மாறினேன். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தாழ்த்திக் கெண்டைத் தசையை நீட்டினேன். நாற்காலியில் அமர்ந்து பாடம் சொல்லும்போதும், மேசைக்கடியில் விரல்களை விரித்து வைத்திருந்தேன். நீரில் கணுக்காலைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து மெல்ல உதைக்கக் கற்றேன். ஆசிரியையின் முகத்தில்கூட ஒருநாள் நிறைவு தெரிந்தது.

நெடுந்தொலைவு நீச்சலுக்குக் குறித்த நாளன்று மிதவையைச் சுற்றித் திரும்பும்வரை கால்கள் சொற்படி நடந்தன. பின்னர், மூச்செடுக்கத் தலையைத் திருப்பிய வேளையில் ஓர் அலை முகத்தில் அறைந்தது. உப்புநீர் தொண்டைக்குள் இறங்கியது. கரை எத்திசையில் என்று விளங்காத அக்கணத்தில், நான் எதையும் எண்ணுமுன்பே பத்து விரல்களும் மடங்கிவிட்டன. பற்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

வலக்கால் இறுகியது. கற்றபடியே மல்லாந்து மிதந்து, கால்விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்தேன். பிடிப்பு விட்டது. மீண்டும் நீந்தினேன், மீண்டும் இறுகியது. விரல்களிடம் கெஞ்சினேன் என்றே சொல்லவேண்டும். படகு அருகே வந்து காத்திருந்தது. கையை உயர்த்தினால் எல்லாம் முடிந்தது என்பதை அறிந்திருந்ததால் உயர்த்தாமலே கிடந்தேன். இடக்காலும் இறுகியபோது உயர்த்தினேன்.

கரையில் ஆசிரியை என் தோளில் துண்டைப் போர்த்தினார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தணிந்திருந்தது.

“அடுத்த வாரமும் வாங்க டீச்சர். இடுப்பளவு தண்ணியில, கரையோரமாவே நீந்தலாம். சரியா?”

“சரிம்மா” என்றேன்.

இடுப்பளவு நீரில், அஞ்சும்போதெல்லாம் என்னால் எழுந்து நின்றுவிட முடியும்; விரல்கள் மணலைப் பற்றிக்கொள்ளும், அது நீச்சலாகாது. இனி நான் நீந்தப்போவதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.