இருநூறு தாண்டினால் கத்து

அக்காவின் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் ஊசி பார்ப்பது. மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்கள் கிடையாது. ஆகவே எண் படிக்கிற வேலை என்றால் அது எனக்குத்தான்.

அக்காவோ ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. என்ன வேலை, எந்தக் கம்பெனி, காபிக்குச் சர்க்கரை போதுமா என்பதுவரை அவருடைய பெரியம்மாவே பதில் சொல்லிவிட்டாள். "ஊமையக் கட்டி வெக்கிறீங்களா?" என்று அக்கா அழுதாள். சேச்சே என்றாள் அம்மா. ஆனால் அவர் பேசிக் கேட்டவர்கள் எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அம்மாவின் தம்பியான என் மாமா, திருவள்ளூரில் ஒரு மோட்டார் பட்டறையில் மெக்கானிக். சோழவரத்தில் பந்தயம் ஓடிய பழைய சிவப்புக் கார் ஒன்று அங்கே பழுதுக்கு வந்திருந்தது. மேல்கூரை இல்லை, இரண்டே இருக்கை. சொந்தக்காரரிடம் கெஞ்சி, அதையே மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மாப்பிள்ளை இருக்கைகளுக்குப் பின்னால், காரின் முதுகுமேல் உயரமாக உட்கார்ந்தார். மாமா பக்கத்தில் நான், எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி இருந்த கண்ணாடி வட்டத்துக்கு நேராக.

"நான் ரோட்டப் பாப்பனா, ஊசியப் பாப்பனா? நீதான நைனா படிச்சவன். இருநூறு தாண்டினா கத்து."

பிள்ளையார் கோயிலில் கிளம்பும்போது பெரியம்மா, காரின் மூக்கே தெரியாதபடி கதம்ப மாலைகளை வரிசை வரிசையாகக் கட்டிவிட்டாள். பாண்டுக்காரர்கள் முன்னால் ஆடி அசைந்து நடக்க, கார் எறும்புபோல ஊர்ந்தது. கடைத்தெரு முனையிலேயே கத்தினேன். "மாமா, இருநூத்திப் பத்து!"

மாமா இறங்கினார். ரேடியேட்டர் மூடியின் ஓரமாக ஆவி சீறியது. "சூடா இருக்கசொல்லோ அந்த மூடியத் தொட்டா மூஞ்சி வெந்துடும்" என்று எல்லோரையும் தள்ளி நிறுத்தினார். குழாயைத் தடவினார், அடியில் குனிந்து ஒழுகுகிறதா என்று பார்த்தார், மின்விசிறி சுற்றுவதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தண்ணி கீது, பேன் சுத்துது. காத்துதான் இல்ல. ஓடறதுக்குப் பொறந்த வண்டிய நடக்க வுட்டு, மூக்கையும் அடச்சிட்டா எங்கேந்து மூச்சு வுடும்? மாலையக் கயட்டணும்."

"கல்யாண மாலைய நடுத்தெருவுல கயட்டுவியா? அபசகுனம்!" என்று பெரியம்மா காரின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

மாமா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். வண்டியில் ஏறி, பின்பக்கமாக எடுத்துத் திருப்பி, ஒரே அழுத்து.

பின்னால் "மாப்ளையத் தூக்கிக்கினு போறாங்க!" என்ற கூச்சல் கேட்டது. மாலைகள் ஒவ்வொன்றாய் அறுந்து எங்கள் தலைமேல் பறந்தன. மாப்பிள்ளை சறுக்கி என் மடியில் வந்து விழுந்தார். விழுந்தவர், "யோவ்! நிறுத்துய்யா! எனக்கு நாளைக்குக் கல்யாணம்யா!" என்று அலறினார்.

மாமா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஊசி இறங்கிக்கொண்டே வந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். எங்கள் வீடிருந்த மணவாள நகருக்குள் நுழையும்போது நூற்று எண்பது.

சத்திரத்துக்குக் கிளம்பத் தயாராக அக்கா மட்டும் அத்தையோடு வீட்டில் இருந்தாள். வாசலில் நிறுத்தி மாமா குரல் கொடுத்தார்: "வண்டி பேஜார் பண்ணுது, ஒரு கொடம் தண்ணி எட்தாம்மா!"

"வேணாம் மாமா, நூத்தி எம்பதுதான்" என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது.

அக்கா குடத்தோடு வந்தாள். மாப்பிள்ளையைக் கண்டதும் அப்படியே நின்றாள். அவர் தலையெல்லாம் பூ, தலைப்பாகை ஒரு காதில் தொங்கியது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார்.

அக்கா குடத்தைச் சாய்த்தபடியே கேட்டாள். "நீங்க பேசுவீங்களா?"

"பெரிம்மா பக்கத்துல இல்லன்னா பேசுவேன்."

அக்கா சிரித்ததில் பாதித் தண்ணீர் அவர் சட்டைமேல் போயிற்று. மிச்சத் தண்ணீரையாவது ரேடியேட்டரில் ஊற்றுவார் என்று பார்த்தேன். மாமா மூடியைத் தொடவே இல்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பீடி பிடித்தார்.

கடைத்தெருவில் பாண்டுக்காரர்கள் டீ குடித்து முடித்திருந்தார்கள். பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "மால எங்கய்யா?"

"நான் கயட்டலம்மா. காத்து எட்துக்கினு பூட்ச்சு."

"எங்க போனீங்க?"

"வண்டிக்குத் தண்ணி ஊத்த."

தவறு என்று பட்டதால் திருத்தினேன். "ஊத்தல பாட்டிம்மா. வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே நூத்தி எம்பதுக்கு எறங்கிட்ச்சு. தண்ணியே தேவப்படல."

மாமா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றியிருந்தது. எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேன், அதற்குத்தான் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மேளம் கொட்டி, எல்லோரும் மணமேடையில் அட்சதை தூவியபோது நான் அங்கே இல்லை. வெளியே நின்ற சிவப்புக் காருக்குள் ஏறி, அந்தக் கண்ணாடிமேல் மூக்கை அழுத்திக்கொண்டு, நூற்று எண்பதுக்கு அடியில் விரலை வைத்து, ஒவ்வோர் எண்ணாகத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.